மரியோவை உலகம் காப்பாற்றிவிட்டது... பரணில் கிடக்கும் நம்ம ‘டிவி கேம்’ கதி என்ன?

பம்மல், அனகாபுத்தூர், பொழிச்சலூர் பக்கம் இருப்பவர்களுக்கு வெள்ளிக்கிழமை என்றால் பல்லாவரம் சந்தைதான். ஒரு பக்கம் செடிகள், வண்ண மீன்கள், கோழிக்குஞ்சுகள். இன்னொரு பக்கம் தார்ப்பாயில் கொட்டிக் கிடக்கும் ரிமோட், சார்ஜர், கீபோர்டு, உயிர் போன லேப்டாப். கால்நடைச் சந்தையாகத் தொடங்கிய இடத்தில் இன்று சென்னையின் பழைய எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் ஒருமுறை வந்து இளைப்பாறிவிட்டுப் போகிறது.

அந்தக் குவியலைக் கிளறினால் எப்போதாவது ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் கேசட் கையில் மாட்டும். ஸ்டிக்கர் பாதி கிழிந்திருக்கும். மிச்சமிருக்கும் பாதியில் ‘99 இன் 1’ என்று எழுதியிருக்கும். “ஓடுமா?” என்று கேட்டால், “வாங்கிட்டுப் போய் போட்டுப் பாருங்க சார்” என்பார் கடைக்காரர். சரி, எதில் போட்டுப் பார்ப்பது? செட் இல்லை, அடாப்டர் இல்லை, மஞ்சள் பின் குத்துகிற பழைய டிவியும் இல்லை.

உடனே ஒரு பதில் வரும். “எதுக்குங்க இந்த அலைச்சல்? போன்ல எமுலேட்டர் போட்டா மரியோ, கான்ட்ரா எல்லாமே ஓடுதே!” ஓடுகிறதுதான். ஆனால், ஓடுவது நாம் ஆடிய கேம்தானா? இதில் நாம் எதைக் காப்பாற்றுகிறோம், எதைக் காயலான் கடைக்கு அனுப்புகிறோம்? கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

நாம் ஆடியது எந்த கன்சோல்?

1983-ம் ஆண்டு ஜூலை 15 அன்று ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனம் ‘பேமிகாம்’ என்ற கன்சோலை வெளியிட்டது. 8 பிட் பிராசஸர், 2 கிலோபைட் ரேம். அவ்வளவுதான். 1985-ல் வந்த ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ கேமின் மொத்த அளவே 40 கிலோபைட். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வரும் ஒரு ‘குட் மார்னிங்’ படம் அதைவிடப் பெரிது.

அமெரிக்காவில் என்.இ.எஸ். என்ற பெயரில் விற்கப்பட்ட இதே கன்சோல், இந்தியாவில் ‘சாமுராய்’ என்ற பெயரில் வந்தது. ஆனால் அது எத்தனை வீடுகளை எட்டியிருக்கும்? 90-களின் நடுவில் செகா கன்சோலை இங்கே விற்க வந்தது, மதுபானத் தொழிலுக்குப் பெயர்போன ஷா வாலஸ் நிறுவனம். 80 சதவீத இறக்குமதி வரியைத் தாண்டி வருவதற்காகப் போட்ட ஒப்பந்தம் அது. அப்படியும் செட்டின் விலை 18,000 ரூபாய். அந்தக் காலத்தில் நடுத்தரக் குடும்பத்துக்கு அது பல மாதச் சம்பளம்.

தோல் ஷாப்பிலும் சின்னச் சின்னப் பட்டறைகளிலும் வேலை பார்த்த பம்மல், நாகல்கேணி குடும்பங்களுக்கு எட்டியது வேறு ஒன்று: பேமிகாமைப் பார்த்து தைவானிலும் சீனாவிலும் செய்யப்பட்ட நகல் செட்டுகள். மைக்ரோ ஜீனியஸ், லிட்டில் மாஸ்டர், டெர்மினேட்டர் எனப் பல பெயர்கள். பர்மா பஜார், ரிச்சி தெரு வழியாகப் புறநகருக்கு வந்தவை. யாரும் அவற்றைக் ‘கன்சோல்’ என்று சொன்னதில்லை. நமக்கு அது ‘டிவி கேம்’. கார்ட்ரிட்ஜ், நமக்குக் ‘கேசட்’. பேட்டில் சிட்டி, நமக்கு ‘டேங்க் கேம்’. டக் ஹன்ட், ‘வாத்து சுடுற கேம்’.

2006 முதல் 2011 வரை தமிழக அரசு கொடுத்த 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சி ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனது. டிவி கேமின் இரண்டாவது இன்னிங்ஸ் அங்கே தொடங்கியது. ரங்கநாதன் தெருவிலும் திருவிழாக் கடைகளிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்த செட்டை அந்த டிவியில் குத்தி ஆடிய தலைமுறை, இன்று ஓ.எம்.ஆரிலும் தாம்பரம் மெப்ஸிலும் வேலை பார்க்கிறது. இதைப் படிக்கும் உங்களில் பலர் அவர்கள்தான்.

எமுலேட்டர் என்ன செய்கிறது?

பம்மல் என்றதும் நினைவுக்கு வருபவர் சம்பந்த முதலியார். அவர் நாடகத்தை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். கேசட்டில் இருப்பது நாடகப் பிரதி. கன்சோல்தான் மேடை. மேடை இடிந்துபோனாலும் பிரதி கையில் இருந்தால் வேறு மேடையில் அதே நாடகத்தைப் போடலாம் இல்லையா? எமுலேட்டர் என்பது பழைய மேடையைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு மென்பொருள் மேடை. பழைய பிராசஸர் ஒவ்வொரு கட்டளைக்கும் என்ன செய்யுமோ, அதை உங்கள் போன் பிராசஸர் மிமிக்ரி செய்கிறது. கேசட்டின் சிப்பிலிருந்து நகலெடுத்த கோப்புக்குப் பெயர் ‘ரோம்’.

ஆண்ட்ராய்டில் இது பல ஆண்டுகளாக இருக்கிறது. ஐபோனில் பழைய கேம் எமுலேட்டர்களை ஆப் ஸ்டோருக்குள் ஆப்பிள் அனுமதித்தது 2024 ஏப்ரலில்தான். அதே மாதம் வந்த ‘டெல்டா’ ஆப்பை நம்மில் பலர் அப்போதே இறக்கியிருப்போம்.

இறக்கியவர்களில் சிலருக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். “சின்ன வயசுல இந்த கேம் இவ்வளவு ஸ்பீடா இருக்காதே... நமக்கு வயசாயிடுச்சா?”

வயசு காரணமில்லை. ஜப்பான், அமெரிக்க டிவிகள் நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கும். இந்தியாவில் இருந்தது பால் முறை; நொடிக்கு 50 முறை. அந்தக் கால கேம்கள் திரை ஒருமுறை புதுப்பிக்கப்படும்போது ஓர் அடி நகரும்படி எழுதப்பட்டவை. எனவே, அங்கே 60 நொடியில் முடியும் ஓட்டம், இங்கே விற்கப்பட்ட 50 ஹெர்ட்ஸ் செட்டில் 72 நொடி எடுக்கும். மரியோ கொஞ்சம் நிதானமாகக் குதிப்பார். பாட்டும் கொஞ்சம் இழுத்தே வரும். போனில் நீங்கள் ஆடுவது அமெரிக்கக் குழந்தையின் மரியோ. பம்மல் குழந்தையின் மரியோ அல்ல.

இதற்கு மருந்து இருக்கிறது. ‘மெசன்’, ‘எஃப்.சி.இ.யு.எக்ஸ்.’ போன்ற கணினி எமுலேட்டர்களில் ‘டெண்டி’ என்று ஓர் அமைப்பு இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் நாம் ஆடிய வேகம் திரும்பி வரும்.

யார் இந்த டெண்டி? 1992-ல் ரஷ்யாவில் விற்பனைக்கு வந்த பேமிகாம் நகல். நம்முடையதைப் போலவே தைவான் தயாரிப்பு, நம்முடையதைப் போலவே அனுமதி இல்லாதது. ரஷ்யர்கள் அதைத் தங்கள் குழந்தைப் பருவத்தின் சின்னமாகக் கொண்டாடினார்கள். அதன் வரலாற்றை எழுதினார்கள். அதன் தொழில்நுட்ப நுணுக்கங்களை அளந்து பதிவு செய்தார்கள். அதனால்தான் உலகத்தின் எமுலேட்டர்களில் அந்தப் பெயர் இருக்கிறது. நம் வீட்டு லிட்டில் மாஸ்டரின் வேகம் திரும்பி வருவதுகூட ரஷ்யாக்காரர் தயவில்தான். இதில் நமக்குக் கொஞ்சம் வெட்கம் வர வேண்டும்.

காப்பாற்றப்பட்டதும் காப்பாற்றப்படாததும்

பழைய கேம்கள் அழிகின்றன என்பது உலகம் முழுக்க உள்ள கவலை. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன் 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அங்கே வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை. அதே ஆண்டு மார்ச்சில் நிண்டெண்டோ தன் 3டி.எஸ்., வீ யு கன்சோல்களின் இணையக் கடையை மூடியது. அங்கே மட்டும் விற்கப்பட்ட கேம்களை இனி சட்டப்படி வாங்க வழியில்லை.

ஆனால் மரியோ, கான்ட்ரா போன்ற புகழ்பெற்ற கேம்களுக்கு ஆபத்து எதுவுமில்லை. அவற்றின் நகல் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான வன்தட்டுகளில் இருக்கிறது. ஆபத்தில் இருப்பது நம்முடையவை.

அந்த ‘99 இன் 1’ கேசட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையில் அதில் இருந்தது சில கேம்கள்தான். அதே கேமை வேறு லெவலிலிருந்து தொடங்க வைத்து, வேறு பெயர் சூட்டி, எண்ணிக்கையை ஏற்றியிருப்பார்கள். அந்த மெனு, அதில் ஓடிய இசை, எழுத்துப்பிழையோடு இருந்த பெயர்கள், எடுத்தவுடனேயே 30 உயிர் கொடுக்கும் கான்ட்ரா என எல்லாமே யாரோ ஒருவர் உட்கார்ந்து மாற்றி எழுதியவை. எந்தக் கேசட் எப்போது எந்தக் கடையில் விற்றது, எவ்வளவு விலை, அட்டைப்பெட்டியில் என்ன படம்... இதற்கெல்லாம் பதிவு மிகக் குறைவு. ஒவ்வொரு போகிக்கும் அது இன்னும் குறைகிறது.

இயற்கையும் விடவில்லை. 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது அனகாபுத்தூர், முடிச்சூர், மேற்குத் தாம்பரம் பக்கம் தரைத்தளத்தில் இருந்ததெல்லாம் போனது. பரணில் இருந்தது தப்பியது. இப்போது தனி வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழும்போது அந்தப் பரணும் காலியாகிறது.

சும்மா வைத்திருந்தாலும் இவை நிலைக்காது. பழைய செட்டின் கெப்பாசிட்டர் கசியும். மலிவான கேசட்டுகளில் பயன்படுத்தப்பட்ட சிலவகை சிப்புகள் பல ஆண்டுகளில் தாங்களாகவே தரவை இழக்கும். வாத்து சுடும் துப்பாக்கி எல்.இ.டி. டிவியில் வேலை செய்யாது. காரணம், விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுப்பாகி, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். துப்பாக்கி அந்த வெளிச்சத்தைப் பார்க்கும். பழைய குண்டு டிவியில் இது உடனே நடக்கும். புது டிவி படத்தைப் பதப்படுத்திக் காட்டுவதற்குள் அந்தக் கணம் போய்விடும். எனவே, அந்த இலவச டிவியைக் காயலான் கடைக்குப் போட்டால், துப்பாக்கியும் சேர்ந்து செத்துவிடுகிறது.

இது நகல்களின் கதை மட்டுமல்ல. சோனி 2009-ல் பிளேஸ்டேஷன் 2-க்காக வெளியிட்ட ‘ஹனுமான்: பாய் வாரியர்’ ஹைதராபாத்தில் உருவானது. முழுக்க இந்தியாவிலேயே செய்யப்பட்ட கன்சோல் கேம்களில் முன்னோடி. நல்ல கேமா என்று கேட்காதீர்கள். ஆனால், நம்மூர் கேம் தொழிலின் முதல் அடிகளைப் படிக்க விரும்பும் மாணவர் அதை எந்த நூலகத்தில் போய்ப் பார்ப்பார்?

சட்டம் என்ன சொல்கிறது?

“ரோம் இறக்குவது குற்றமா?” என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. சுருக்கமாகச் சொன்னால்:

எமுலேட்டர் மென்பொருளை வைத்திருப்பது தன்னளவில் குற்றமில்லை. பிளேஸ்டேஷனைப் போல இயங்கும் மென்பொருளை உருவாக்கிய கனெக்டிக்ஸ் மீது சோனி தொடுத்த வழக்கில், அதற்காகச் செய்த ஆய்வும் நகலெடுப்பும் நியாயமான பயன்பாடே என 2000-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2024-ல் ‘யுஸு’ எமுலேட்டர் குழு நிண்டெண்டோவுக்கு 24 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்ட விவகாரம் வேறு. இப்போதும் விற்பனையில் இருக்கும் ஸ்விட்ச் கன்சோலின் பூட்டை உடைப்பது பற்றியது அது.

இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டம், 52-வது பிரிவில், முறையாக வாங்கிய மென்பொருளைப் பாதுகாப்புக்காக நகலெடுத்துக்கொள்ள அனுமதிக்கிறது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல் கேசட்டை நீங்களே நகலெடுத்து வீட்டில் ஆடுவதற்கு அங்கே இடம் இருக்கிறது. இணையத்தில் யாரோ ஏற்றியதை இறக்குவதற்கு இல்லை. திருட்டு நகல் எனத் தெரிந்தே பயன்படுத்தினால் 63பி பிரிவு வரும். லாப நோக்கம் இல்லாவிட்டால் சிறையைத் தவிர்த்து, 50,000 ரூபாய்க்குள் அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு இடமுண்டு.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். அதே 52-வது பிரிவு, லாப நோக்கமற்ற பொது நூலகம் ஒரு படைப்பைப் பாதுகாக்க மின்னணு வடிவில் சேமிக்கலாம் என்கிறது. 2012 திருத்தத்தில் வந்த நல்ல சலுகை. ஆனால் ஒரு நிபந்தனை: அந்தப் படைப்பின் ‘டிஜிட்டல் அல்லாத’ பிரதி நூலகத்தில் ஏற்கெனவே இருக்க வேண்டும். புத்தகத்துக்குச் சரி. காகிதப் பிரதி இருக்கும், ஸ்கேன் செய்யலாம். கேம் கேசட்? அது பிறக்கும்போதே டிஜிட்டல். சட்டத்தின் சொற்படி பார்த்தால், எது சீக்கிரம் அழியுமோ அதற்கே பாதுகாப்புச் சலுகை கிடையாது!

சம்பந்த முதலியாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவர் 1964-ல் மறைந்தார். ஆசிரியர் மறைவுக்குப் பின் 60 ஆண்டு என்ற கணக்குப்படி பார்த்தாலே 2024-ன் முடிவோடு அவர் நாடகங்கள் எல்லோருக்கும் பொதுவாகின்றன. அச்சில் இருந்ததால் இன்றும் படிக்க முடிகிறது. நம் சட்டம் கணினி நிரலையும் ‘இலக்கியப் படைப்பு’ என்றே வகைப்படுத்துகிறது; அதே 60 ஆண்டுக் கணக்கு அதற்கும் உண்டு. வித்தியாசம் ஒன்றுதான். உரிமைக்காலம் முடிவதற்குள் கேசட்டில் இருக்கும் பிரதி உயிரோடு இருக்காது.

1954-ம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகமும் எழும்பூர் கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கு ஒரு பிரதி போக வேண்டும். வீடியோ கேமுக்கு அப்படி ஒரு கதவே இல்லை.

“குப்பையைப் போய்...” என்பவர்களுக்கு

இரண்டு எதிர்ப்புகள் வரும். ஒன்று: “அந்தக் கேசட்டே திருட்டுச் சரக்கு. திருட்டைப் போய்ப் பாதுகாக்கணுமா?” நியாயமான கேள்வி. ஆம், அது திருட்டு நகல்தான். அதைச் செய்து விற்றவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஒரு தலைமுறை முதன்முதலில் ஒரு திரையைத் தன் கையால் இயக்கிய அனுபவம் அந்தத் திருட்டு நகலில்தான் நடந்தது. தடை செய்யப்பட்ட துண்டறிக்கைகளை ஆவணக் காப்பகங்கள் வைத்திருக்கின்றன. அதற்காக அவற்றை ஆதரிக்கின்றன என்று அர்த்தமில்லை. நடந்தது நடந்தபடி தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது: “இதெல்லாம் வெறும் நாஸ்டால்ஜியா.” பாதி உண்மை. அந்த நாஸ்டால்ஜியாவை வைத்துக் காசு பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். ‘10,000 கேம்’ என்று இணையத்தில் விற்கும் எச்.டி.எம்.ஐ. கேம் ஸ்டிக்கைப் பாருங்கள். அனுமதி இல்லாத ரோம்கள் அதில் இருக்கின்றன. அதோடு, ‘விற்கக் கூடாது’ என்ற நிபந்தனையோடு இலவசமாகத் தரப்படும் ‘எஸ்.நெஸ்.9எக்ஸ்’ போன்ற எமுலேட்டர்களையும் இப்படிப்பட்ட ஸ்டிக்குகளில் திணித்து விற்கிறார்கள். அந்தக் காலத்து ‘99 இன் 1’-ன் பேரன்தான் இது. முப்பது வருடம் முன்பு நமக்கு வேறு வழி இல்லை. இன்று வேலையில் இருக்கும் நமக்கு அந்தச் சாக்கு செல்லாது. காசு இருக்கிறதென்றால், முறையாக விற்கப்படும் பழைய கேம் தொகுப்புகளை வாங்கலாம்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

அரசு செய்ய வேண்டியது இரண்டு. சட்டத்தில் அந்த ‘டிஜிட்டல் அல்லாத’ என்ற நிபந்தனையைத் தளர்த்தி, கேம்களையும் மென்பொருள்களையும் நூலகங்கள் பாதுகாக்க வழி விட வேண்டும். நூலகத்துக்குள் உட்கார்ந்து பார்க்க மட்டும் என்று கட்டுப்பாடு வைத்தால் யார் வியாபாரமும் கெடாது. அடுத்தது, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஒரே ஓர் அறை. நான்கு குண்டு டிவி, இருபது செட், ஓர் அலமாரி கேசட். இதற்குக் கோடிகள் தேவையில்லை. பாதிப் பொருளைப் பல்லாவரம் சந்தையிலேயே வாங்கிவிடலாம்.

சேகரிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பத்து செட் வாங்கிக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைப்பது பாதுகாப்பு ஆகாது. கேசட்டைத் திறந்து உள்ளே இருக்கும் போர்டையும் ஸ்டிக்கரையும் படம் எடுங்கள். எங்கே, எந்த ஆண்டு, என்ன விலைக்கு வாங்கியது என்று விற்றவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். பழைய ரசீது கிடைத்தால் அது கேசட்டைவிட மதிப்பானது. மெனு திரையை வீடியோ எடுத்து வையுங்கள்.

உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று கிடக்கிறதா? உடனே மின்சாரம் கொடுத்துவிடாதீர்கள். அடாப்டரின் வோல்ட்டும் பிளஸ், மைனஸ் முனையும் செட்டுக்குச் செட் மாறும். தவறானதைக் குத்தினால் முப்பது வருடம் தப்பித்தது மூன்று நொடியில் போய்விடும். கேசட்டின் அடியில் வாயால் ஊதும் பழைய வித்தையும் வேண்டாம். எச்சில் ஈரம் செம்பை அரிக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட காது பட்ஸ் போதும். குண்டு டிவியின் பின்மூடியை நீங்களே கழற்றாதீர்கள். அணைத்த பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். ஏரியாவில் பழைய டிவி மெக்கானிக் ஒருவர் இன்னும் இருப்பார். அவரிடம் கொடுங்கள். அவர் கைப்பழக்கமும் இதே வேகத்தில் மறைந்துவரும் ஒன்றுதான்.

போகிக்கு முன்தினம் அம்மா பரணிலிருந்து எல்லாவற்றையும் இறக்கி வாசலில் வைப்பார். “இது எதுக்குடா இன்னும்? எடுத்துப் போட்டுடவா?” என்று கேட்பார். இந்த முறை ஒரு நிமிடம் யோசித்துப் பதில் சொல்லுங்கள். மரியோ எங்கேயும் போய்விட மாட்டார். ஆனால் நீங்களும் தம்பியும் ஒரே ஜாய்ஸ்டிக்குக்காகச் சண்டை போட்ட அந்த மஞ்சள் கேசட், உங்கள் வாசலைத் தாண்டினால் திரும்பி வராது.